வெப்சைட்டில் உதவி பாப்அப்பை ஒரே காம்பொனென்டாக எழுதுவது எப்படி?

படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, தொட்டால் விளக்கம், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே காம்பொனென்ட் (ஒருமுறை எழுதி எங்கும் போடும் துண்டு), லைப்ரரி வேண்டாம் என்கிறீர்கள். அநேகமாக யாரோ எழுதிய பழைய தளம் உங்கள் தலையில் விழுந்திருக்கும். எனக்கு அப்படித்தான் விழுந்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரியின் ஆர்டர் தளம் அது. டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி, சேதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பெட்டி. முன்னால் வேலை செய்தவர் எல்லாவற்றையும் பக்கத்துக்குப் பக்கம் காப்பி எடுத்து ஒட்டியிருந்தார். விலைப்பட்டியல் பக்கவாட்டில் நகரும் அட்டவணை, அதற்குள் பெட்டி பாதி வெட்டுப்பட்டு நிற்கும். மருந்தாக, எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் 9999, அடுத்த பக்கத்தில் 99999. ஓவர்ஃப்ளோ, அதாவது அட்டவணை தன் எல்லைக்கு வெளியே போவதை மறைப்பது, வெட்டுவதற்கு எத்தனை ஒன்பது போட்டும் பிரயோஜனம் இல்லை.

அத்தனையையும் பிடுங்கிவிட்டு, விளக்கங்களை மட்டும் ஒரு ஜேசன் கோப்பில் வைத்தேன். வெப் பக்கத்தில் ஒரு கஸ்டம் எலிமென்ட் (நாமே பெயர் வைத்து உருவாக்கும் டேக்), எந்த விளக்கம் என்று ஒரு பெயர், அவ்வளவுதான். உள்ளே ஒரு நிஜ பட்டனும் பாப்ஓவர் ஆட்ரிப்யூட் போட்ட டிவ்வும். பிரவுசரே அதை டாப் லேயரில், அதாவது பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மேலே, வைத்துவிடும், அட்டவணையால் வெட்ட முடியாது. எஸ்கேப் அழுத்தினாலும் வெளியே தொட்டாலும் மூடிக்கொள்ளும். குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்பாக்ஸ் 125 முதல் இது உண்டு. சும்மா விட்டால் பெட்டி திரை நடுவில் வந்து நிற்கும். பட்டன் பக்கத்தில் கொண்டுவர மட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன்.

விளக்க வாசகத்தைக் கல்லாவில் இருந்த அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். "80 டச்சுன்னா நூறு கிராமுல எண்பது கிராம் சுத்த வெள்ளி தம்பி, இதுக்கு மேல என்ன எழுதுவீங்க?" அதையே போட்டேன்.

ஹோவரே (மவுஸை மேலே வைத்தால் விளக்கம் வருவது) போதுமே என்று யாராவது கீழே கமெண்டில் வருவீர்கள். கடைக்காரர்கள் ஆர்டர் போடுவது போனில், விரலுக்கு ஏது ஹோவர்? மவுஸ் வைத்தால் சின்ன வாசகம் காட்டும் டைட்டில் ஆட்ரிப்யூட்டும் அங்கே உதவாது. கணினியில் ஹோவர் வைத்தே தீருவேன் என்றால் 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற வெப் அணுகல்தன்மை வழிகாட்டியில் 1.4.13ஐப் படித்துவிட்டு வையுங்கள்: மவுஸைப் பெட்டி மேல் கொண்டுபோனால் அது மறையக் கூடாது, மவுஸை நகர்த்தாமலும் மூட முடிய வேண்டும். லைப்ரரிக்கு நான் எதிரி இல்லை. மூன்று வரி விளக்கத்துக்கு அது அதிகம், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்து பில் அனுப்பினால், நடுவில் இருந்த பெங்களூர் ஏஜென்சி "சேலத்துல இருந்துதானே பண்றீங்க, செலவு கம்மிதானே" என்று தொகையைக் குறைத்தது. சேலம் ஐந்து ரோட்டில் எனக்கு மட்டும் கரண்டும் நெட்டும் இனாமா? சேலத்துக்காரன் எழுதினால் பிரவுசர் பாதிதான் திறக்குமா? சரி, விடுங்கள்.

அப்புறம், அந்தக் கேள்விக்குறி பட்டனுக்கு, ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் பெயரான ஏரியா-லேபிளில் "டச் பற்றிய விளக்கம்" என்று முழுசாக எழுதுங்கள். வெறும் கேள்விக்குறி என்றால் ஸ்கிரீன் ரீடரில் (திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) கேட்பவருக்கு எதற்கான உதவி என்றே தெரியாது.