கிளையன்ட் சர்டிபிகேட் (உள்ளே வருவது நாம்தான் என்று போர்ட்டலுக்குக் காட்டும் டிஜிட்டல் அடையாளம்) இன்ஸ்டால் செய்த பிறகும் போர்ட்டல் 400 பிழை காட்டுகிறதே, ஏன்?

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வெறும் சிஇஆர் ஃபைல், அதாவது சர்டிபிகேட் மட்டும். மெயிலில் வந்ததை டபுள் கிளிக் செய்திருப்பீர்கள், 'இம்போர்ட் வெற்றி' என்று வந்திருக்கும். ஆனால் அதற்குள் பிரைவேட் கீ, அதாவது அந்த சர்டிபிகேட் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் ரகசிய சாவி, கிடையாது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு சிஸ்டம் வேலை பார்க்கிறேன். அவர்களுடைய வெளிநாட்டு பையரின் போர்ட்டலுக்குள் போக சர்டிபிகேட் கட்டாயம். பழையது காலாவதியாகி புதியது போட்டதும், குரோம் ஒன்றும் கேட்காமலே 400. போர்ட்டல் ஹெல்ப்டெஸ்க்குக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், "கேஷ் கிளியர் பண்ணுங்க". அக்கவுண்ட்ஸ் அக்கா பாவம், காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

விண்டோஸில் அந்த சர்டிபிகேட்டைத் திறந்து முதல் பக்கத்தின் அடியைப் பாருங்கள். சின்ன சாவிப் படமும், இதற்கான பிரைவேட் கீ உங்களிடம் உள்ளது என்ற வரியும் இருக்க வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டரில் இல்லை. விசாரித்தால், புதிய சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பித்தது மெர்ச்சண்டைசர் தம்பியின் லேப்டாப்பில். கீ அங்கேயேதான் இருந்தது. அங்கிருந்து கீயோடு சேர்த்து பிஎஃப்எக்ஸ் ஃபைலாக எடுத்து, பாஸ்வேர்ட் போட்டு, இங்கே ஏற்றினேன். குரோமை முழுசாக மூடித் திறந்ததும் எந்த சர்டிபிகேட் என்று கேட்கும் பெட்டி வந்தது. மூடித் திறப்பது முக்கியம். ஒருமுறை கேன்சல் அழுத்தியிருந்தால் அதையே நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்காது.

சர்டிபிகேட்டை யாரிடமும் காட்டலாம், அது ரகசியமே இல்லை. இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அந்த உரையாடலுக்கு பிரைவேட் கீயால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. சர்வர் நம்புவது அந்தக் கையெழுத்தைத்தான்.

சாவிப் படம் இருந்தும் பெட்டி வரவில்லையா? எந்தெந்த சிஏ (சர்டிபிகேட் வழங்கும் அமைப்பு) கொடுத்தது செல்லும் என்று சர்வர் ஒரு பட்டியல் அனுப்பும். உங்கள் சர்டிபிகேட்டை அந்த சிஏவோடு இணைக்கும் இன்டர்மீடியட் சர்டிபிகேட் உங்கள் கணினியில் இல்லாவிட்டால், உங்களுடையது அந்தப் பட்டியலில் சேராதது என்று பிரவுசர் ஒதுக்கிவிடலாம்.

பயர்பாக்ஸ் சர்டிபிகேட்டுகளுக்குத் தனிப் பெட்டகம் வைத்திருக்கிறதே என்று யாராவது வருவீர்கள். தெரியும். 90ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் இருப்பதையும் அது பார்க்கிறது. கீயை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாமா என்று கேட்பவர்களுக்கு: அவசரத்துக்குச் செய்தேன், லேப்டாப்பில் இருந்ததையும் அழித்தேன்.

இவ்வளவு கறாராகக் கேட்பவர்கள் ஒருமுறை ஆடிட்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் டப்பா நிறைய வாடிக்கையாளர்களின் டிஎஸ்சி டோக்கன்கள் (டிஜிட்டல் கையெழுத்துக்கான பிரைவேட் கீ இருக்கும் யுஎஸ்பி கருவிகள்), ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கரில் பின் நம்பர். பிரைவேட் கீயை உரியவர்தான் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொன்னால், "சார், நாளைக்கு ரிட்டர்ன் கடைசி தேதி, நீங்க வந்து கையெழுத்துப் போடுவீங்களா?" என்கிறார்கள்.