கேள்வி – பதில்: கூலி உயர்ந்தால் வேலை குறையுமா?

கேள்வி: ஆறு பேரை வைத்துச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறேன். குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்துகொண்டே போனால் இரண்டு பேரை நிறுத்துவதைத் தவிர எனக்கு வழியில்லை. கூலி ஏறினால் வேலைவாய்ப்பு குறையும் என்பது பொருளாதாரத்தின் அடிப்படை விதிதானே ஐயா?
*– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

பதில்: விலை ஏறினால் வாங்குவது குறையும் என்னும் விதி கத்தரிக்காய்க்குப் பொருந்துவதுபோல மனித உழைப்புக்கும் பொருந்துகிறதா என்பதைப் பொருளியலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அளந்து பார்த்து வருகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவில் பழைய கூலியே நீடித்தது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் பொருளியலாளர்கள் இருவர் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளில், உயர்வுக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் ஆள் கணக்கு எடுத்தார்கள். கூலி உயர்ந்த பக்கம் ஆட்கள் குறையவில்லை என்று 1994இல் எழுதினார்கள். டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் ஆகியோர் கடைகளின் சம்பளப் பட்டியலை வைத்து இதை மறுத்தார்கள். அந்த விவாதம் முழுமையாக ஓயவில்லை. ஆனாலும் கார்டின் ஆய்வுமுறை அவருக்கு 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கைப் பெற்றுத் தந்தது.

அப்படிப்பட்ட எல்லை நமக்கும் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர், ரெட்டிச்சாவடியைக் கடந்து முள்ளோடையில் நுழையும்போது, ஊதியத்தை நிர்ணயிக்கும் அரசே மாறிவிடுகிறது. காலையில் அந்தப் பேருந்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பவர்களில் பலர் எந்தப் பக்கம் பத்து ரூபாய் கூடுதல் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனால் பேருந்து ஏற முடியாத ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் வீட்டில் இருக்க வேண்டிய அவருக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இரண்டு மூன்று முதலாளிகள்தாம் சந்தை. அங்கே கூலியைத் தீர்மானிப்பது போட்டியன்று, முதலாளியின் பிடி. அத்தகைய இடத்தில் சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால் வேலை குறைய வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கான விளக்கத்தை ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

உங்கள் கடைக்கு வருகிறேன். ஆறு பேருக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 300 ரூபாய். நாளைக்கு 200 பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றரை ரூபாய். இந்த உயர்வு உங்களுக்கு மட்டுமன்றி அதே தெருவில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் பொருந்துவதால், அந்த ஒன்றரை ரூபாயை விலையில் சேர்ப்பதற்காக வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போவது அரிது. இன்னொரு செலவையும் கணக்கில் எடுங்கள். மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்ட வாரத்தில் சாம்பார் தண்ணீராகி, பழைய முகங்கள் எதிர்க்கடைக்கு மாறியதால் வந்த நட்டம் எவ்வளவு? கூலி நியாயமாக இருக்கும் இடத்தில் ஆள் நிலைக்கிறார் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் விளைவு.

இருப்பினும் உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. சியாட்டில் நகரில் 2016இல் குறைந்தபட்சக் கூலி 13 டாலர் வரை ஏறியபோது, குறைந்த கூலி வேலைகளில் மொத்த வேலை நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்ததாக வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவொன்று கணக்கிட்டது; உணவகங்களை மட்டும் ஆராய்ந்த கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோ வேலையிழப்பைக் காணவில்லை. உயர்வு ஒரே தாவலாக இருந்தால் சிறு கடை தள்ளாடும் என்பது உண்மை. ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி கூடுவதும், அடிப்படை ஊதியம் ஐந்தாண்டுக்குள் திருத்தப்படுவதும் அதனால்தான் முக்கியம். பத்தாண்டு கிடப்பில் போட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றுவது இரு தரப்புக்கும் இழைக்கும் தீங்கு.

கேள்வி: அப்படியானால் கூலி கூடிய இடத்திலிருந்து தொழில் வெளியேறவே வெளியேறாதா?
*– கல்லூரி மாணவி, புதுச்சேரி*

பதில்: வெளியேறும், முந்திரியே சான்று. கொல்லத்து முந்திரி ஆலைகளில் பல, கேரளத்தின் கூலி விகிதத்திலிருந்து விலகித் தமிழக எல்லைக்குள் இடம்பெயர்ந்தன. சிற்றுண்டிக் கடையை எல்லை தாண்டித் தூக்கிச் செல்ல முடியாது. சாப்பிடுபவர் இருக்கும் இடத்தில்தான் இட்லி வேக வேண்டும். சாக்கில் ஏற்றும் முந்திரிக்கொட்டைக்கு அந்தத் தளை இல்லை. ஆகவே மாநிலங்கள் கூலியைக் குறைத்துக் காட்டித் தொழிலை இழுக்காமல் இருக்க, நாடு முழுவதற்கும் ஓர் அடித்தளக் கூலி வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதற்கு இடம் தருகிறது. அந்த அடித்தளம் எவ்வளவு உயரத்தில் போடப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: என் அம்மா முந்திரி உடைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். கிலோ கணக்கில்தான் கூலி. “குறைந்தபட்ச ஊதியம் நாள் கூலிக்காரர்களுக்கு மட்டும்” என்கிறார் உரிமையாளர். கேட்டால் வேலை போய்விடும் என்று அம்மா அஞ்சுகிறார்.
*– வாசகர், பண்ருட்டி அருகில்*

பதில்: உரிமையாளர் சொல்வது தவறு. கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு தனியே விகிதம் நிர்ணயிக்காமல் நாளுக்கான ஊதியத்தை மட்டும் நிர்ணயித்திருந்தால், கிலோ கணக்கில் வேலை செய்பவருக்கும் அந்த நாளூதியத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இது இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கருத்து, தோல் உரிந்த கையோடு சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் உண்ணும் பெண்களை அந்தப் பகுதியில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்குரிய கூலியை “நீ மெதுவாக உடைத்தாய்” என்று சொல்லிக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. அளவை எட்டுவதற்காகப் பத்து மணி நேரம் உட்கார வைப்பதும் தவறு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டு இறந்த பிறகே எட்டு மணி நேர வேலை அந்த மண்ணில் சட்டமாயிற்று.

அம்மாவின் அச்சம் நியாயமானது. ஆகையால் தனியாகப் போய்க் கேட்கச் சொல்லாதீர்கள். உடன் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். குறைவாகக் கொடுத்த ஊதியத்தை மூன்றாண்டுகள் வரை கோரலாம். முழுமையாகக் கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் உரிமையாளருடையதே. இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, வேலைக்குச் சென்ற நேரம், திரும்பிய நேரம், எடை போட்ட கிலோ, கையில் வாங்கிய தொகை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு மாலையும் அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி வையுங்கள்.