வீட்டுக் கருவிகளுக்கு முகவரி ஒதுக்குவது: கேள்வி பதில்

கேள்வி: கரண்ட் போய் வந்தால் போதும், வைஃபை பிளக்கும் கேமராவும் ஹப்பில் (எல்லாக் கருவிகளையும் இயக்கும் மையப் பெட்டி) காணாமல் போகின்றன. பார்த்தால் ஐபி முகவரி மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம். முகவரி கொடுப்பது ரூட்டரில் ஓடும் டிஹெச்சிபி, அதாவது இணையும் ஒவ்வொரு கருவிக்கும் தானாக எண் கொடுக்கும் வசதி. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைப் பல ரூட்டர்கள் தற்காலிக மெமரியில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ரூட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பக்கத்துக்குப் போய், கருவியின் மேக் எண்ணை (தயாரிக்கும்போதே பதிந்து வரும் அடையாள எண்) போட்டு ஒரு முகவரியை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். முதலில் ஹப்புக்கு, அப்புறம் மற்றவற்றுக்கு.

ஒதுக்கும்போதே வகை பிரித்துவிடுவது நல்லது. 192.168.1.20 முதல் 39 வரை கேமரா, 40 முதல் 79 வரை பிளக், சுவிட்ச், 150க்கு மேல் போன், லேப்டாப் என்று வைத்தால், எண்ணைப் பார்த்ததுமே என்ன கருவி என்று தெரியும். சில ரூட்டர்கள் டிஹெச்சிபி வரம்புக்குள் (ரூட்டர் தானாகக் கொடுக்கும் எண்களின் எல்லை) இருக்கும் எண்ணை மட்டும்தான் ஒதுக்கவிடும். மேக் எண், முகவரி, எந்த அறை என்று ஒரு நோட்டில் கட்டாயம் எழுதி வையுங்கள். ரூட்டர் பழுதானால் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கேள்வி: அதற்குப் பதில் கருவிக்குள்ளேயே ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத முகவரி, போட்டுவிட்டால் என்ன?

பதில்: வேலை செய்யும், ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். நீங்கள் போட்ட எண் டிஹெச்சிபி வரம்புக்குள் இருந்தால், ரூட்டர் அதையே வேறொரு போனுக்கும் கொடுத்துவிடலாம். இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். நாளைக்கு 192.168.0 என்று தொடங்கும் ரூட்டர் வந்தால், ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகத் திறந்து மாற்ற வேண்டிவரும். எண் கொடுக்கும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும்.

கேள்வி: நான் வீட்டுக்குள் வந்ததும் லைட் எரிய வேண்டும் என்று என் போனுக்கும் முகவரி ஒதுக்கினேன். அந்த முகவரி நிலைக்கவில்லை.

பதில்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுகின்றன. மேக் எண்ணின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அப்படிப்பட்ட எண்தான். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டு, வரும் உண்மையான எண்ணுக்கு ஒதுக்குங்கள். வெளியிடங்களில் அது இயங்கட்டும், அணைக்காதீர்கள்.

கேள்வி: ஜிக்பீ (வைஃபை இல்லாமல் ஹப்போடு பேசும் இன்னொரு வயர்லெஸ் முறை) பல்புக்கு எப்படி நிலையான முகவரி கொடுப்பது?

பதில்: நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே 64 பிட் எண் ஒன்று பதிந்து வருகிறது. நெட்வொர்க்கில் சேரும்போது கிடைக்கும் 16 பிட் எண் மாறலாம். அதை ஹப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை பெயர் வைப்பது. 'பல்பு 3' வேண்டாம், 'சமையலறை மேடை லைட்' என்று வையுங்கள். ஆட்டோமேஷனை அந்தப் பெயரை வைத்தே எழுதினால், பல்பு போனாலும் புதிய பல்புக்கு அதே பெயரைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

கேள்வி: பழைய ஹப் போய்விட்டது. இசட்-வேவ் (ஜிக்பீ போன்ற இன்னொரு வயர்லெஸ் முறை) சுவிட்ச் புதிய ஹப்பில் சேரமாட்டேன் என்கிறது.

பதில்: பழைய நெட்வொர்க்கின் எண் அந்த சுவிட்சுக்குள் இன்னும் இருக்கிறது. புதிய ஹப்பை 'எக்ஸ்க்ளூஷன்' (கருவியை நெட்வொர்க்கிலிருந்து நீக்கும்) நிலையில் வைத்து சுவிட்ச் பட்டனை அழுத்துங்கள். எந்த ஹப்பும் இதைச் செய்யலாம், பழையது தேவையில்லை. பிறகு வழக்கம்போலச் சேர்த்தால் புதிய எண் கிடைத்துவிடும்.