குழு உறுப்பினரின் உறவினருக்கே அறக்கட்டளை வேலை கொடுக்கலாமா?

சட்டமும் உங்கள் அமைப்பின் விதிகளும் தடுக்காவிட்டால் கொடுக்கலாம். ஆனால் அந்த முடிவில் அந்த உறுப்பினரின் கை இருக்கக் கூடாது.

பொருளாளரின் மைத்துனர் அச்சகம் நடத்துகிறார், ஆண்டறிக்கை அச்சடிக்க அவரும் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் தொடங்கியதும், "இன்றைய பொருள்களில் யாருக்காவது சொந்த நலன் உண்டா?" என்று தலைவர் கேட்க வேண்டும். பொருளாளர் உறவைச் சொல்ல வேண்டும். அந்தப் பொருள் வந்ததும் வெளியே போய்விட வேண்டும். "ஓட்டுப் போட மாட்டேன், சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்பதை ஏற்காதீர்கள். அவரை எதிரே வைத்துக்கொண்டு மைத்துனர் கேட்கும் விலை அதிகம் என்று யார் வாய் திறப்பார்கள்? இணையவழிக் கூட்டம் என்றாலும் இணைப்பிலிருந்து வெளியேறத்தான் வேண்டும்.

அவர் போனபின் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் அந்த முடிவு செல்லாமல் போகலாம், தள்ளிவைப்பதே நல்லது. நடவடிக்கைக் குறிப்பில் உறவு என்ன, எப்போது வெளியேறினார், எத்தனை விலைப்புள்ளிகளை ஒப்பிட்டீர்கள், ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். "நலமுரண் (சொந்த நலனும் அமைப்பின் நலனும் மோதுவது) தெரிவிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி தணிக்கையில் உதவாது.

பலரும் மறப்பது அதற்குப் பிறகு வருவதை. வேலையைச் சரிபார்ப்பது, பில்லுக்கு ஒப்புதல் தருவது, காசோலையில் கையெழுத்திடுவது மூன்றையும் வேறொருவர் செய்ய வேண்டும்.

பணம் புழங்காத முரணும் உண்டு. ஒரே நிதியுதவிக்குப் போட்டியிடும் இரண்டு அமைப்புகளிலும் ஒருவரே உறுப்பினராக இருந்தால், அதையும், உறுப்பினர்களின் சொந்த நலன்களைக் குறித்துவைக்கும் நலன் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறையும், புது உறுப்பினர் சேரும்போதும் புதுப்பியுங்கள்.