அண்ணன் வீட்டு இ.எம்.ஐ-க்காக இங்கிலாந்து பென்ஷனை விடலாமா?

கேள்வி: சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் அகாடமி பள்ளி ஒன்றில் மூன்று வருடமாக இயற்பியல் ஆசிரியை. வயது 36, இரண்டு குழந்தைகள். சம்பளம் ஆண்டுக்கு 38,000 பவுண்டு. சேர்ந்த மாதமே 'டீச்சர்ஸ் பென்ஷன்' வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிடித்தம் இல்லாமல் கைக்கு வரும் அந்தப் பணத்தில்தான், அண்ணன் கட்டிய வீட்டுக் கடனுக்கு மாதம் 25,000 ரூபாய் அனுப்புகிறேன். இப்போது பள்ளி தானாகவே என்னை மறுபடியும் பென்ஷனில் சேர்த்திருக்கிறது. ஐந்தாறு வருடத்தில் ஊர் திரும்பிவிடுவோம், போட்ட பணம் வீண் என்கிறார்கள். திரும்பவும் விலகிவிடட்டுமா? பென்ஷனுக்குப் பதில் யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) எடுக்கச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட்.

பதில்: விலகாதீர்கள் டீச்சர். பள்ளி உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

உங்கள் பிடித்தம் ஏறக்குறைய 9 சதவீதம், மாதம் 280 பவுண்டு சொச்சம். வரிக்கு முன்பே கழிப்பதால் கையிலிருந்து உண்மையில் குறைவது 225 பவுண்டுதான். பவுண்டை 110 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 25,000 ரூபாய். அதாவது அண்ணனின் இ.எம்.ஐ! அந்தத் தொகையை மிச்சம் பிடிக்க நீங்கள் விட்டது என்ன என்று பாருங்கள். உங்களுக்காகப் பள்ளி கட்டவேண்டியது சம்பளத்தில் 28 சதவீதத்துக்கு மேல். மாதம் 900 பவுண்டு, நம் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்.

அந்த ஒரு லட்சம் பி.எஃப் மாதிரி உங்கள் பெயரில் சேராது. இது வேறு மாதிரித் திட்டம். ஒவ்வொரு வருடமும் அந்த வருடச் சம்பளத்தில் 57-ல் ஒரு பங்கு, ஆயுளுக்கும் வரும் ஆண்டு பென்ஷனாக உங்கள் கணக்கில் ஏறும். 38,000-ஐ 57-ஆல் வகுத்தால் 667 பவுண்டு. ஐந்து வருடம் இருந்தால் சுமார் 3,300 பவுண்டு, வருடத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த ஐந்து வருடத்தில் உங்கள் கையிலிருந்து போவது மொத்தம் 15 லட்சத்துக்குள். விலைவாசிக்கு ஏற்ப ஏற்றமும் உண்டு. விட்டுப்போன மூன்று வருடக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு எழுத மனம் வரவில்லை.

ஊர் திரும்பினால் வீணாகாது. இரண்டு வருடம் முடித்தால் பென்ஷன் உரிமை உறுதி, இந்தியாவிலிருந்தே வாங்கலாம். அதற்கு முன் கிளம்பினால் உங்கள் பிடித்தத்தை வரி போகத் திரும்பப் பெறலாம். உங்கள் வயதுக்காரருக்கு முழுப் பென்ஷன் 68-ல்தான் என்பது ஒரு குறை. 57-லிருந்து வாங்கலாம், ஆனால் நன்றாகவே குறைத்துத் தருவார்கள். நேஷனல் இன்ஷூரன்ஸில் (சம்பளத்திலிருந்து அரசு பிடிக்கும் சமூகக் காப்பீட்டில்) வரும் அரசு பென்ஷன் தனி. அதற்குக் குறைந்தது 10 வருடம் வேண்டும், இந்தியாவில் குடியிருந்தால் வருடாந்திர உயர்வும் கிடையாது. அதை நம்பி இதை விடக்கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

பணியில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆனால், குடும்பத்துக்குச் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு, 1,14,000 பவுண்டு கிடைக்கும். விலகியிருந்த மூன்று வருடமும் உங்கள் குழந்தைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. அண்ணனுக்கு இது தெரியுமா?

இனி அண்ணன் விஷயம். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்று நீங்கள் எழுதவே இல்லை, எழுதாததிலிருந்தே புரிகிறது. உதவி செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் முதுமையை எடுத்து அவர் வீட்டுச் சுவரில் பூசுகிறீர்கள். கடன் பாக்கி 18 லட்சம், வட்டி 9 சதவீதம் என்று வைத்தால், மாதம் 25,000 கட்டி முடிக்க எட்டே முக்கால் வருடம் ஆகும். வங்கியில் பேசித் தவணையை 15 வருடமாக்கினால் 18,300 அளவுக்கு இறங்கும். கூடும் வட்டி அவருடைய வீட்டுக்கு அவர் கட்டும் வட்டி. 'இந்த ஏப்ரல் வரை பாதி அனுப்புகிறேன், பிறகு நீ பார்த்துக்கொள் அண்ணா' என்று தேதியோடு சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். மனஸ்தாபம் வரும், பொங்கலுக்குள் தணியும்.

யூலிப்? பென்ஷன் பிடித்தம் இல்லாததால் மிஞ்சி அண்ணனுக்குப் போகும் அதே 25,000, பாலிசிக்கும் எப்படிப் போகும் என்று ஏஜென்டிடமே கேளுங்கள். 'பிறகு இங்கிலாந்து பென்ஷனை இந்தியாவுக்கு மாற்றித் தருகிறேன்' என்றும் அடுத்து சிலர் வருவார்கள். டீச்சர்ஸ் பென்ஷனை அப்படித் தனியார் பாலிசிக்கு மாற்ற 2015 ஏப்ரலிலிருந்து சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த ஃபோனை அங்கேயே வைத்துவிடலாம்.

நாளைக்கே சம்பளச் சீட்டை எடுத்துப் பென்ஷன் பிடித்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு பள்ளிக்கு மாறும்போது, குறிப்பாகத் தனியார் பள்ளி என்றால், அவர்கள் இன்னும் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பல தனியார் பள்ளிகள் வெளியேறிவிட்டன.