எலி மருந்து டப்பாவில் 'கிஃப்ட்'!

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். எலி மருந்து டப்பாவின் மேல் 'ராட்டன்கிஃப்ட்' என்று அச்சடித்திருக்கிறார்கள். விஷத்துக்குப் போய் கிஃப்ட் என்று பேர் வைப்பார்களா? ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஒரு பொருள் எப்படி வந்தது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டப்பாவில் தப்பே இல்லை. ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம்தான். ஆனால் பழைய காலத்தில் அங்கேயும் அதற்குக் 'கொடுப்பது' என்றுதான் பொருள். ஒரு வேளைக்குக் கொடுக்கிற மருந்தின் அளவைக் கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்பார்கள் (நாம் சொல்கிற டோஸ் அதுதான்), அதற்கும் நேர்ப் பொருள் கொடுப்பது. அதைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் தங்கள் கிஃப்ட்டை மருந்துக்குச் சொல்லப்போக, போகப் போக அது விஷத்துக்கு இடக்கரடக்கலாகி, கடைசியில் விஷம் மட்டுமே மிஞ்சியது. நாம் மட்டும் என்னவாம், எலியைக் கொல்கிற சாமானை எலி 'மருந்து' என்றுதானே கடையில் கேட்கிறோம்! பழைய பொருள் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பெண்ணோடு கொடுத்தனுப்புவது, அதாவது வரதட்சணை. ஸ்வீடன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அதே எழுத்துகளை 'யிஃப்ட்' என்று வாசிப்பார்கள், விஷம் என்றும் பொருள், கல்யாணமானவர் என்றும் பொருள். இதற்கு ஜோக் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. சில சொற்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இத்தாலியில் 'புர்ரோ' வெண்ணெய், ஸ்பெயினில் அதே புர்ரோ கழுதை. முன்னது வெண்ணெயைக் குறித்த 'பூட்டிரம்' என்ற லத்தீன் சொல் தேய்ந்து வந்தது, பின்னது குட்டைக் குதிரையைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது, தற்செயலாக இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

என்னைக் கேட்டால் கழுதையும் வெண்ணெயும் ஆபத்தே இல்லை, எவரும் இலகுவில் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்துப் பொருள் உள்ள சொற்கள்தான் காலை வாரும். டேனிஷ், நார்வேஜியன் இரண்டும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் புரிந்துகொள்கிற அளவு நெருக்கம். 'ஃப்ரோகோஸ்ட்' என்ற சொல் இரண்டிலும் உண்டு, விடிந்ததும் சாப்பிடுவது என்பதுதான் அதன் ஆதிப் பொருள். நார்வேயில் அது இன்னும் காலைச் சாப்பாடு. டென்மார்க்கிலோ மதியத்துக்கு நகர்ந்துவிட்டது, காலைச் சாப்பாட்டுக்கு வேறு சொல். கோபன்ஹேகன் நண்பர் ஃப்ரோகோஸ்டுக்கு வாருங்கள் என்றார் என்று ஆஸ்லோக்காரர் காலை எட்டு மணிக்கே போய்க் கதவைத் தட்டினால் அவர் மேல் குற்றம் இல்லை.

அப்புறம், மகன் லீவில் இத்தாலிப் பக்கம் போனால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். குளியலறைக் குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் அது ஆங்கிலக் கோல்டு இல்லை, 'கால்டோ', சுடுதண்ணீர். பச்சைத் தண்ணீர் வேண்டுமென்றால் 'எஃப்' போட்ட குழாயைத் திறக்க வேண்டும்.