நேரலைத் தளத்தின் பில்லை யார் கட்டுவது?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன நேரலைத் தளம் நடத்துகிறோம். பழைய கணினி விளையாட்டுகள், இசைக்கருவிப் பயிற்சி, இரவு அரட்டை என்று வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடும். பதிவு செய்த உறுப்பினர்கள் 1,100 பேர். ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள் சராசரியாக 80. செலவெல்லாம் இதுவரை என் கையிலிருந்துதான். போன மாதம் ஆறு மணி நேரம் ஓடிய ஆண்டுவிழா நேரலைக்கு 400 பேர் வந்துவிட்டார்கள். கிளவுட் பில், அதாவது வாடகை சர்வருக்கான கட்டணம், எகிறிவிட்டது. விளம்பரம் போடலாமா, சந்தா வைக்கலாமா, நன்கொடை கேட்கலாமா? கேட்டால் கையேந்துவது போல ஆகிவிடாதா?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது, கூட்டம் வந்த மாதத்தில்தான் உங்களுக்குக் கை கடித்திருக்கிறது என்பது. எழுத்தும் படமும் மட்டும் உள்ள தளத்துக்கு ஐந்து மடங்கு ஆள் வந்தாலும் பில்லில் பெரிதாகத் தெரியாது. நேரலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வீடியோ போகிறது. தலை கூடினால் பில் கூடும். வருமானம் அப்படிக் கூடாது. விழாவுக்கு எட்டிப் பார்த்த புதியவர் அன்றிரவே பணம் கட்டப் போவதில்லை. அதனால் செலவை மாதாமாதம் மாறாத ஒரு தொகையாக ஆக்கிவிட்டு, பிறகு வசூலுக்கு இறங்குங்கள். வரிசை மாறினால் எவ்வளவு வசூலித்தாலும் அடுத்த விழா அதை விழுங்கிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ, பார்ப்பவர் ஒருவருக்கு மணிக்கு 450 எம்பி இழுக்கும். 720பி படத் தரத்துக்கு (இந்த எண் கூடக் கூடப் படம் தெளிவு) 3 மெகாபிட் வைப்பது வழக்கம். அப்படியானால் ஆளுக்கு மணிக்கு 1.35 ஜிபி. 80 பேர், வாரம் 12 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 4,100 ஆள்-மணி (ஆட்களை மணி நேரத்தால் பெருக்கியது), அதாவது சுமார் 5.5 டிபி; ஒரு டிபி ஆயிரம் ஜிபி. உங்கள் விழா மட்டும் 2,400 ஆள்-மணி, 3.2 டிபி. ஒரு மாதத்து டேட்டாவில் பாதிக்கு மேல் ஒரே ராத்திரியில் போயிருக்கிறது.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனி விலை போடுகின்றன. உங்களைக் கடித்தது அதுதான். மாத வாடகைக்கு சர்வர் தரும் நிறுவனங்கள் பல, வாடகையோடு பல டிபி டேட்டாவையும் சேர்த்தே தருகின்றன. அளவு மீறினால் சிலர் கூடுதல் பணம் கேட்பார்கள், சிலர் வேகத்தை மட்டும் குறைப்பார்கள். இரண்டாவது வகையாகப் பார்த்துப் பிடியுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, தூக்கம் போகக் கூடாது. சாஃப்ட்வேருக்குச் செலவு தேவையில்லை. ஓன்காஸ்ட் என்ற நேரலை மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் இலவசமாக எடுத்து நிறுவலாம்; அரட்டைப் பெட்டி உள்ளேயே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு ஒளிபரப்பு என்ற உங்கள் முறைக்கு அதுவே போதும். பல சேனல்கள் வேண்டுமென்றால் பியர்டியூப் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள். 2021இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து நேரலை வசதி உண்டு. பார்ப்பவர்களின் கணினிகளே வீடியோத் துண்டுகளை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வதால் சர்வரின் பாரமும் குறையும். ஆனால் அப்படிப் பகிரும்போது ஒருவருடைய ஐபி முகவரி (இணையத்தில் அவர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மற்றவருக்குத் தெரியவரும். அதை உறுப்பினர்களிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்.

1 கிகாபிட் இணைப்புள்ள சர்வர், 3 மெகாபிட் வீடியோவை 300 பேருக்கு மேல் தாங்குவது கஷ்டம். விழா நாளில் 1.5 மெகாபிட்டுக்கு இறக்கினால் 400 பேருக்கு 600 மெகாபிட், தாராளமாக ஓடும். அல்லது அன்று மட்டும் யூடியூபிலும் சேர்த்தே ஒளிபரப்பி, புதியவர்களை அங்கே அனுப்பிவிடலாம். இலவச சிடிஎன் ஒன்றை (பல இடங்களில் உள்ள சர்வர்கள் வழியாகப் பார்ப்பவர்களுக்குப் பிரித்து அனுப்பும் சேவை) முன்னால் நிறுத்தினால் போதும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இலவசத் திட்டங்களில் வீடியோவுக்குத் தடையோ கட்டுப்பாடோ இருப்பது சகஜம். விதிகளைப் படிக்காமல் போட்டால் விழா நடுவில் இணைப்பு துண்டிக்கப்படலாம்.

சிக்கனத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, இதை யாரும் லேசில் செய்வதில்லை. தொடக்கத் தரத்தை 480பி, 1 மெகாபிட் என்று வையுங்கள். மேல்தரம் வேண்டியவர் தானே மாற்றிக்கொள்ளட்டும். எல்லோரும் அதிலேயே இருந்துவிட்டால் 5.5 டிபி 1.9 டிபிக்கு இறங்கும். இரவு அரட்டையை முக்கால்வாசிப் பேர் வேறு வேலை செய்துகொண்டு காதால்தான் கேட்பார்கள் என்பது என் ஊகம். அவர்களுக்கு ஒலி மட்டும் என்று ஒரு பொத்தான் வையுங்கள்: 64 கிலோபிட் ஒலி மணிக்கு 29 எம்பிதான். பிரவுசரில் அந்தத் தாவல் மறைந்திருக்கிறதா என்று தளத்தால் அறிய முடியும்; மறைந்திருந்தால் தானாக ஒலிக்கு மாறச் செய்யலாம். தூங்கிப்போனவரின் திரைக்கு விடிய விடிய வீடியோ அனுப்பாமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்டு, பதில் வராவிட்டால் நிறுத்துங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பல தரங்கள் தருவதென்றால் சர்வர் வீடியோவை உடனுக்குடன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது சர்வரின் மூளையான சிபியுவைத் தின்னும். இரண்டு தரமும் ஒரு ஒலியும் போதும்.

பழைய ஒளிபரப்புகளைச் சேர்த்துவைக்கும் ஆசையையும் அடக்குங்கள். உங்கள் அளவில் வாரம் 16 ஜிபி, ஆண்டுக்கு 800 ஜிபிக்கு மேல் சேரும். அமேசானின் கையில் இருக்கும் பெரிய நேரலைத் தளமான டிவிட்சே 2025 ஏப்ரலிலிருந்து ஹைலைட்ஸுக்கும் (ஒளிபரப்பிலிருந்து வெட்டியெடுத்துச் சேமிக்கும் பகுதிகள்) பதிவேற்றங்களுக்கும் சேர்த்து ஒருவருக்கு 100 மணி நேரம் என்று வரம்பு போட்டுவிட்டது. அதே டிவிட்ச், தென்கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் தாங்கவில்லை என்று முதலில் தரத்தை 720பிக்கு இறக்கிப் பார்த்து, அதற்கும் சரிவராமல் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டுச் சேவையையே மூடியது. அவர்களே தரத்தைக் குறைக்கிறார்கள் என்றால் நீங்கள் குறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரம் வைத்திருந்து அழித்துவிடுங்கள். உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளும் சிலவற்றை மட்டும் காப்பாற்றுங்கள்.

இனி வரவு.

விளம்பரம் வேண்டாம். 80 பேர் பார்க்கும் தளத்தில் விளம்பர வலைப்பின்னல்கள் தருவது சர்வர் வாடகைக்குக்கூடக் காணாது. பார்ப்பவர்களில் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களைக் கழித்தால் இன்னும் குறையும். நன்றாக ஓடினாலும் ஆபத்து உண்டு. மெட்டாஃபில்டர் என்ற பழைய சமூகத் தளம் பெரும்பாலும் கூகுள் விளம்பரத்தில்தான் நின்றது. 2012 இறுதியில் தேடல் முறை மாறியதும் வருமானம் சரிந்து, 2014இல் ஊழியர்களைக் குறைக்க நேர்ந்தது. பிறகு அதைத் தாங்கிப் பிடித்தது உறுப்பினர்களின் பணம். உங்கள் துறையைச் சேர்ந்த சிறு வணிகர், உதாரணமாக இசைக்கருவி விற்பவர், மாதம் ஒரு நிலையான தொகை தந்து நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஒரு வரி சொல்லச் சொன்னால் அதை ஏற்கலாம். ஆனால் எந்த ஸ்பான்சரும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர விடாதீர்கள். அவர் ஒரு நாள் விலகினாலும் தளம் நிற்க வேண்டும். அவருக்குப் பிடிக்காததை ஒருவர் பேசினாலும் உங்களுக்குக் கை நடுங்கக் கூடாது.

கட்டாயச் சந்தாவும் வேண்டாம். வாசலில் பூட்டுப் போட்டால் 80 பேர் 15 ஆவார்கள். ஆளில்லாத அரட்டைப் பெட்டியைப் பார்க்க அந்தப் பதினைந்து பேரும் நெடுநாள் வரமாட்டார்கள்.

மிஞ்சுவது விரும்பித் தருவது. இது புதிதல்ல. 1949இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய கேபிஎஃப்ஏ வானொலி, கேட்பவர்களின் பணத்தை நம்பியே இறங்கியது, இன்றும் ஒலிக்கிறது. எத்தனை பேர் தருவார்கள் என்பதில் கனவு காணாதீர்கள். தன் வாசகர்களில் 2 சதவீதம் பேர்தான் தருகிறார்கள் என்று விக்கிப்பீடியாவின் நன்கொடை அறிவிப்புகளே சொல்வதுண்டு. உங்கள் 1,100இல் அது 22 பேர். முகம் தெரிந்த சின்னக் கூட்டத்தில் கூடுதலாகவே வரும், ஆனாலும் திட்டத்தை 22ஐ வைத்தே போடுங்கள். ஆண்டுச் செலவை 22ஆல் வகுங்கள். வரும் தொகை ஒருவருக்கு உறுத்தாத அளவில் இருந்தால் தளம் பிழைக்கும். உறுத்தினால் செலவுப் பக்கம் திரும்பிப் போய் இன்னும் குறைக்க வேண்டும்.

மாதாமாதம் சின்னத் தொகையாக வாங்குவதைவிட ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவது நல்லது. பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள் பல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு சதவீதத்தோடு ஒரு நிலையான சிறு தொகையும் பிடிக்கின்றன. பிடித்தம் 3 சதவீதமும், உங்கள் நாட்டுப் பணத்தில் 5 அலகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 20 அலகு தருபவரிடமிருந்து ஒவ்வொரு முறையும் 5.6 போகும், அது 28 சதவீதம். அதே 240ஐ ஒரே தவணையில் தந்தால் போவது 12.2, வெறும் 5 சதவீதம். உங்கள் நாட்டில் வங்கிக்கு வங்கி இலவசமாக அனுப்ப முடியுமானால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஐபோன் செயலி செய்யும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். அதற்குள் சந்தா வாங்கினால் ஆப்பிள் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். பிரவுசரே போதும்.

தருபவர்களுக்குப் பதிலுக்கு என்ன? உங்களுக்குச் செலவு வைக்காததாகக் கொடுங்கள்: அரட்டையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம், அவர்கள் கேட்கும் இமோஜி, அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் ஓட்டு. டி-ஷர்ட், கோப்பை என்று இறங்கினால் தபால் செலவிலும் முகவரிக் குழப்பத்திலும் முழுகிப் போவீர்கள். 1080பி தரத்தை ஆதரவாளர்களுக்கு மட்டும் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பில்லை ஏற்றுவதே அதுதான், ஏற்றுபவர் கொஞ்சம் தாங்கட்டும்.

ஒளிபரப்புபவருக்கு ரசிகர்கள் தரும் பணமும் தளத்துக்கு வரும் பணமும் கலக்கவே கூடாது. அவர்கள் தங்கள் சொந்த இணைப்பைப் போட்டு நேரடியாக வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் வழியாக வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தால் நீங்கள் பிறர் பணத்தைக் கையாளும் இடைத்தரகர் ஆகிவிடுகிறீர்கள். பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதியும் வரிக்கணக்கும் உண்டு.

பணம் வாங்கத் தொடங்கிய பிறகு பதிப்புரிமையில் அசட்டையாக இருக்க முடியாது. கேளிக்கைக்காகச் செய்ததை இனி வருமானத்துக்காகச் செய்ததாகப் பார்ப்பார்கள். நேயர் நன்கொடையில் ஓடும் சோமாஎஃப்எம் என்ற இணைய வானொலி 2002இல் சில மாதம் வாயடைத்துப் போனது கேட்பவர்கள் பணம் தராததால் அல்ல, அமெரிக்கா நிர்ணயித்த இசை உரிமைக் கட்டணத்தைத் தாங்க முடியாததால். சிறு நிலையங்களுக்குச் சலுகை கிடைத்த பிறகே திரும்பியது. உங்கள் பயிற்சி நிகழ்ச்சியில் என்ன வாசிக்கிறார்கள், விளையாட்டின் பின்னணியில் என்ன பாட்டு ஓடுகிறது என்று இப்போதே பாருங்கள்.

பணம் உங்கள் சொந்தக் கணக்கில் வந்தால் அது உங்கள் வருமானமாகவே பார்க்கப்படலாம். வரி ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். முடிந்தால் இரண்டு பேர் கையெழுத்தில் தனிக் கணக்கு. ஓப்பன் கலெக்டிவ் தளத்தில், பணத்தை வைத்துக்கொண்டு வரவு செலவைப் பொதுவில் காட்டும் தாய் அமைப்புகள் கிடைக்கும். அவையும் நிலையானவை என்று எண்ண வேண்டாம். ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்கத் தாய் அமைப்பு 2024 இறுதியோடு கலைக்கப்பட்டது. அதை நம்பியிருந்த குழுக்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. மூன்று மாத வாடகையை எப்போதும் கையிருப்பாக வையுங்கள்.

கையேந்துவது போல ஆகாதா என்று கேட்டீர்கள். தொகையை மறைத்துவிட்டு ‘உங்களால் முடிந்ததைத் தாருங்கள், இல்லையேல் மூடிவிடுவோம்’ என்று கேட்டால் ஆகும். கணக்கைக் காட்டிக் கேட்டால் ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“இந்தத் தளத்தின் ஆண்டுச் செலவு இவ்வளவு: சர்வர், டொமைன், காப்புப் பிரதி. இதுவரை ஒருவரே கட்டிவந்தார். இந்த ஆண்டு முதல் 22 பேர் பகிர்ந்துகொள்ளத் தேடுகிறோம். பங்கு இவ்வளவு, ஆண்டுக்கு ஒருமுறை. தராதவர்களுக்கு எதுவும் குறையாது. தொகை நிறைந்ததும் இந்த அறிவிப்பை எடுத்துவிடுவோம். மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். கணக்கு இங்கே, மாதாமாதம் புதுப்பிக்கப்படும்.”

இதை நேரலையின் நடுவில் படிக்காதீர்கள், நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் அரட்டையில் தங்கியிருக்கும் நேரத்தில் போடுங்கள். தொகை நிறைந்த அன்றே சொன்னபடி எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு கேட்கும்போது அதை நினைவில் வைத்திருப்பார்கள்.